மழை ஊருக்கு ஒரு மரப்பெட்டி

மும்பையில் மரப்பெட்டி செய்ய இறங்குபவர் ரம்பத்தைத் தேடுமுன் காலண்டரைப் பார்க்க வேண்டும். ஜூன் இரண்டாம் வாரம் மழை இறங்கினால் அக்டோபர் தொடக்கம் வரை இந்த ஊர்க் காற்றில் ஈரம் குறையாது. பீரோவுக்குள் பட்டுச் சேலையில் வெள்ளைப் பூசணம் படிவதும், கொலு பொம்மையின் வண்ணம் விரலில் ஒட்டுவதும், குளியலறைக் கதவு நிலையோடு மல்லுக்கட்டுவதும் அந்த நான்கு மாதத்தில்தான். மரமும் அதே காற்றைத்தான் குடிக்கிறது. ஈரம் ஏறினால் அகலத்தில் உப்புகிறது, காய்ந்தால் சுருங்குகிறது. முதல் பெட்டியில் கற்க வேண்டிய வித்தை, மரத்தைக் கட்டிப்போடாமல் பெட்டியைக் கட்டுவது. மீதியெல்லாம் அளவும் பொறுமையும்.

எவ்வளவு அசையும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேக்கில் நீளவாக்கு அசைவு கண்ணுக்கே தெரியாது, பொருட்படுத்த வேண்டாம். ஆனால் ஒன்றரை அடி அகலத்துக்கு ஒட்டிய தேக்கு மூடி, மரத்துக்குள் இருக்கும் ஈரம் 4 சதவீதம் ஏறினாலே சுமார் 3 மில்லிமீட்டர் விரியும். பைன் மரம் இதைவிடக் கூடுதலாக அசையும். அந்த 3 மில்லிமீட்டருக்கு இடம் விடாமல் நான்கு பக்கமும் பசை தடவித் திருகாணி போட்டு இறுக்கினால், இரண்டாவது மழைக்காலத்துக்குள் பலகை பிளக்கும் அல்லது மூலை விட்டுப்போகும். பசையின் மேல் பழி போடுவார்கள், பசை பாவம்.

ஆகவே காலக்கணக்கு இப்படி: டிசம்பரில் மரம் வாங்குவது, ஜனவரி முழுக்க வீட்டுக்குள் கிடக்கவிடுவது, பிப்ரவரி, மார்ச்சில் செய்வது, மே முடிவதற்குள் பாலிஷ் அடித்து முடிப்பது.

அளவு

இங்கே சொல்லப்போகும் பெட்டி 42 அங்குல நீளம், 18 அங்குல அகலம், மூடியோடு சேர்த்து ஏறக்குறைய 18 அங்குல உயரம். செம்பூரிலோ மாட்டுங்காவிலோ ஒரு படுக்கையறை வீட்டில், சாமான் வைக்க மட்டும் என்று ஒரு பொருளுக்கு இடம் ஒதுக்க முடியாது. ஜன்னலடியில் போட்டால் பெரியவர்கள் உட்கார வேண்டும். நவராத்திரியில் கொலுவுக்கு அடித்தட்டாகவும் நிற்க வேண்டும். 18 அங்குலம் நாற்காலி உயரம். அதைவிடத் தாழ்ந்தால் மூட்டுவலி உள்ளவர்கள் எழுந்திருக்கச் சிரமப்படுவார்கள். உங்கள் வீட்டில் மாமியாரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து அளந்துகொண்டாலும் தப்பில்லை.

கூடவே லிஃப்ட் வாசலையும், மாடிப்படி திரும்பும் இடத்தையும் அளந்துவிடுங்கள். பழைய கட்டடங்களின் படிக்கட்டில் 4 அடிக்கு மேற்பட்ட எதையும் திருப்புவது பெரும்பாடு. வேறு வேலைத்தலத்தில் செய்து வீட்டுக்குக் கொண்டுவருவதானால் இது முதல் கேள்வி.

எந்த மரம்

என் முதல் பரிந்துரை பழைய பர்மா தேக்கு. இடித்துக் கட்டப்படும் பழைய கட்டடங்களின் உத்தரம், சட்டம், ஜன்னல் நிலை எல்லாம் ரே ரோடு, தாருகானா பக்கத்து மரக்கடைகளுக்கு வந்து சேர்கின்றன. இந்த நகரத்துக்கும் பர்மா தேக்குக்கும் உறவு பழையது. பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 1863-இல் தொடங்கி, பர்மாக் காடுகளில் வெட்டிய தேக்கை வியாபாரம் செய்தது. அதே கம்பெனிதான் 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் மாஞ்சோலை மலையை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. மும்பையில் குடியேறிய திருநெல்வேலிக் குடும்பங்களுக்கு அந்தப் பெயர் தேயிலையோடு சேர்ந்துதான் ஞாபகம் வரும், மரத்தோடு அல்ல.

பழைய மரத்தின் பெருமை அதன் வயதிலேயே இருக்கிறது. பல பத்தாண்டு மழையும் வெயிலும் கண்டு நிதானத்துக்கு வந்துவிட்ட மரம் அது. மேலே சாம்பல் பூத்துக் கிடந்தாலும் ஓர் ஓரத்தைச் சீவிப் பார்த்தால் உள்ளே பொன்பழுப்பு நிறமும், தோல் போன்ற எண்ணெய் வாசமும் வரும். வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று. வயிரம் பாய்ந்த பாகம் எவ்வளவு, ஓரத்தில் வெளிறிய பாகம் எவ்வளவு என்று பாருங்கள்; வண்டு முதலில் துளைப்பது வெளிறைத்தான். சின்ன ஓட்டைகளிலிருந்து மாவு போன்ற பொடி உதிர்ந்தால் அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பிறகு ஒரு காந்தத்தை எடுத்து மரம் முழுக்கத் தடவுங்கள். உள்ளே புதைந்த ஓர் ஆணி போதும், மில்லில் மெஷின் பிளேடு போய்விடும். ஆணி இருக்கும் மரத்தை மில்காரர் தொடமாட்டார். பழைய பெயின்ட் ஒட்டியிருந்தால் அதை நனைக்காமல் உலர்ந்தபடியே தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். பெயின்ட் உள்ள துண்டை ஒதுக்கிவிட்டு வேறு கேட்பது உத்தமம்.

பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால் பைன். துறைமுகத்தில் இறங்கும் பார்சல் பெட்டிகளின் பைன் பலகை மலிவாகக் கிடைக்கும். அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் படியுங்கள். 'எச்.டி.' என்றால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, பயன்படுத்தலாம். 'எம்.பி.' என்றால் மீத்தைல் புரோமைடு புகையூட்டியது. துணிமணி வைக்கிற பெட்டிக்கு வேண்டாம். மாமரம், ரப்பர் மரம் இரண்டும் மருந்தேற்றாமல் இருந்தால் வண்டுக்கு விருந்து. முழுப் பெட்டியையும் பிளைவுட்டிலேயே செய்யலாமே என்பார்கள். செய்யலாம், அசைவுத் தொல்லையே இருக்காது. ஆனால் பேரன் காலத்துக்குப் போகும் பொருள் அது இல்லை. அடித்தட்டுக்கு மட்டும் பிளைவுட் போதும், ஐ.எஸ். 303 முத்திரையும் கொதிநீர் தாங்கும் 'பி.டபிள்யூ.ஆர்.' தரமும் இருக்கிற 12 மி.மீ. பலகையாகக் கேளுங்கள்.

மரம் கன அடிக் கணக்கில் விற்பனையாகும். இந்தப் பெட்டிக்குச் சேதாரத்தோடு ஒன்றரை முதல் 2 கன அடி வரை தேவைப்படும். பக்கப் பலகைகளுக்குத் துண்டு மரமே போதும் என்பதால் கடையில் ஒதுக்கிப்போட்ட குட்டைத் துண்டுகளையும் கேட்டுப் பாருங்கள். விலை நன்றாகக் குறையும். பலகையின் கனத்தை, அதாவது தடிமனை, இங்கே சூத் கணக்கில் சொல்வார்கள். அது நம் தச்சர்களின் நூல் கணக்கேதான், அங்குலத்துக்கு எட்டு. 'தீன் சூத்' என்றால் 3 நூல் கனம்.

மில்லில் கொடுத்துவிட வேண்டிய வேலை

கையால் இழைத்துச் சமப்படுத்துவது அழகான தொழில்தான், ஆனால் முதல் பெட்டியில் அதைத் தொடங்கினால் பெட்டி முடியாது. மரக்கடைக்குப் பக்கத்திலேயே அறுக்கும் மில்லும் இழைக்கும் மெஷினும் இருக்கும். கீழ்க்கண்ட அளவுக்கு அறுத்து இழைத்துத் தரச் சொல்லுங்கள்:

கால்கள்: ஒன்றேமுக்கால் அங்குலச் சதுரம், 17 அங்குல நீளம், 4.
நெடுஞ்சட்டம்: 1 அங்குலக் கனம், இரண்டரை அங்குல அகலம், 38½ அங்குல நீளம், 4.
குறுஞ்சட்டம்: அதே கனம், அதே அகலம், 14½ அங்குல நீளம், 4.
பக்கப் பலகை: 3 நூல் கனம், 4 முதல் 5 அங்குல அகலம், 10 அங்குலம் 1 நூல் நீளம், நான்கு பக்கமும் சேர்த்து 106 அங்குலத்தை மூடும் அளவுக்கு, ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கும் சேர்த்து.
மூடிப் பலகை: 7 நூல் கனம், 44 அங்குல நீளம், சேர்த்து வைத்தால் 19 அங்குல அகலம்.
மூடியின் அடியில் போடும் பட்டி: 7 நூல் கனம், 2 அங்குல அகலம், 14 அங்குல நீளம், 2.

இரண்டு காரியத்தை மறக்காமல் மெஷினிலேயே முடித்துக்கொள்ளுங்கள். எட்டுச் சட்டங்களிலும் ஒரு விளிம்பின் நடுவில் 3 நூல் அகலம், 3 நூல் ஆழத்துக்குக் காடி, அதாவது பலகை செருகும் நீளப் பள்ளம். பக்கப் பலகைகளின் நீள விளிம்புகளில் படி வெட்டு. ஒரு பலகையின் விளிம்பு அடுத்ததன்மேல் ஏறி உட்காரும்படி, ஒரு பக்கம் முன்னால், மறுபக்கம் பின்னால்.

வீட்டுக்கு வந்ததும் இடையிடையே குச்சி வைத்துத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்குங்கள். நாலு புறமும் காற்றுப் பட வேண்டும். திறந்த வெளியில் கிடந்த மரம் உங்கள் அறைக் காற்றுக்குப் பழகச் சில வாரமாவது பிடிக்கும்.

கருவிகள்

கைவாள், அரை அங்குல உளி, சிறிய இழைப்புளி, மூலைமட்டம், டிரில், 8 மி.மீ. அலகு, கொட்டாப்புளி, பெரிய கிளாம்ப் நான்கு. இவ்வளவு போதும். நாக்தேவி தெருவில் ஒரு நடை நடந்தால் எல்லாம் கிடைத்துவிடும். மூலைமட்டத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கடையிலேயே சோதித்துவிடலாம்: நேரான விளிம்பில் வைத்துக் கோடு போடுங்கள், மட்டத்தைப் புரட்டிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. விலகினால் அடுத்ததை எடுங்கள்.

மூக்குக் கவசம் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தேக்குத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் தரும். பால்கனியில் செய்வதாக இருந்தால் கீழ்வீட்டுக் கொடியில் துணி காய்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். சொசைட்டிச் செயலாளரிடம் முன்னாலேயே சொல்லி வைப்பது மற்ற எல்லாக் கருவிகளையும்விடப் பயனுள்ளது.

கூடு கட்டுதல்

பலகை முனைகளைப் புறா வால் வடிவில் வெட்டிக் கோக்கும் புறாவால் இணைப்பைப் படத்தில் பார்த்து ஆசைப்படுவது இயல்பு. அதை அடுத்த பெட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு இரு துண்டுகளின் துளைக்குள்ளும் செருகும் 8 மி.மீ. மர முளையே (உருண்டைக் குச்சி) போதும், 2 அங்குல நீளம். சட்டத்துக்குள் 1 அங்குலம், காலுக்குள் 1 அங்குலம். டிரில் அலகில் அந்த ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றி அடையாளம் வையுங்கள்.

முளை போடுவதில் புதியவர் சிக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரே காலில் முன்பக்கச் சட்டமும் பக்கவாட்டுச் சட்டமும் வந்து சேர்கின்றன. இரண்டின் முளைகளும் ஒரே உயரத்தில் இருந்தால் காலுக்குள் ஒன்றையொன்று முட்டும், அல்லது அந்த இடத்தில் மரமே மிஞ்சாது. ஆகவே நெடுஞ்சட்டத்தில், காடி இல்லாத விளிம்பிலிருந்து 4 நூலிலும் 12 நூலிலும் துளை. குறுஞ்சட்டத்தில் அதே விளிம்பிலிருந்து 8 நூலிலும் 15 நூலிலும். இப்படி ஏற்றி இறக்கிப் போட்டால் மோதாது, காடியையும் தொடாது. துளைகளைக் காலுக்கு மாற்றக் கூர்முனை வைத்த சிறு உலோகக் குமிழ்கள் கிடைக்கும்: சட்டத்தின் துளையில் குமிழைச் செருகி, காலோடு சேர்த்து ஒரு தட்டுத் தட்டினால் எதிர் இடத்தில் புள்ளி விழுந்துவிடும்.

மேல் சட்டம் காலின் தலையோடு சமம். கீழ்ச் சட்டம் தரையிலிருந்து இரண்டரை அங்குலம் மேலே. துடைப்பமும் மாப்பும் நுழைய அந்த இடம் வேண்டும், தரையில் தண்ணீர் நின்றால் பெட்டி தப்பிக்கவும் வேண்டும். முன்புறமும் பக்கங்களும் சட்டத்தைக் காலின் வெளிமுகத்திலிருந்து 3 நூல் உள்ளே தள்ளிப் போடுங்கள்; சிறு பிசகு கண்ணில் படாது. பின்பக்கம் மட்டும் காலோடு சமமாக இருக்கட்டும். கீல் அங்கேதான் உட்காரும்.

பசை போடுமுன் எல்லாவற்றையும் உலரப் பொருத்திப் பாருங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகங்களை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே பசை தடவ வேண்டும். அந்தக் காலத்தில் வஜ்ஜிரம் என்ற தோல் பசையைக் காய்ச்சி ஒட்டினார்கள். 1959-க்குப் பிறகு மும்பைக்காரருக்கு அந்த வேலை இல்லை, ஃபெவிகால் வந்துவிட்டது. தண்ணீர் தாங்கும் வகையாக வாங்குங்கள். முதலில் முன்பக்கக் கூடும் பின்பக்கக் கூடும் தனித்தனியே. ஒரு நாள் இறுகவிட்டு, மறுநாள் குறுஞ்சட்டங்களால் இரண்டையும் இணையுங்கள். கிளாம்ப் போட்டவுடன் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றானால் சதுரம். இல்லையென்றால் நீளமான மூலையில் கிளாம்பைச் சாய்த்து இறுக்கினால் நேராகும். பசை ஈரமாக இருக்கும்வரைதான் இந்தச் சலுகை.

பக்கப் பலகைகள் காடிக்குள் போக வேண்டியவை என்பதால் மேல் சட்டத்தை ஒட்டுமுன் அவற்றை வரிசையாகச் செருகிவிட வேண்டும். பலகைக்குப் பசை தொடவே கூடாது. பிப்ரவரி, மார்ச்சில் செய்கிறீர்கள் என்றால் இரண்டு பலகைக்கு நடுவே பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்றை இடைவெளிக்கு வைத்துப் பொருத்துங்கள். அதன் கனம் 0.76 மி.மீ.; 4 அங்குலத் தேக்குப் பலகை மழையில் உப்பும் அளவுக்கு அது கிட்டத்தட்டச் சரியாக வரும். படி வெட்டு இருப்பதால் இடைவெளி வழியே உள்ளே தெரியாது. மழைக்காலத்திலேயே செய்யும்படி நேர்ந்தால் கார்டு வேண்டாம். மரம் அப்போதே உப்பியிருக்கும், நெருக்கியே வையுங்கள். ஒவ்வொரு பலகையின் அடியிலும் நடுவில் ஒரே ஒரு சின்னப் பித்தளை ஆணி. அது பலகை ஒரு பக்கமாக நகர்ந்துபோகாமல் பிடிக்கும், இரு புறமும் விரியவும் விடும். இரண்டு ஆணி அடித்தால் பலகை நடுவில் பிளக்கும். வரிசையின் கடைசிப் பலகைக்கும் காலுக்கும் இடையே தெரியும் கோட்டை உள்பக்கமாகக் காலில் ஒரு மெல்லிய ரீப்பர் ஒட்டி மறைத்துவிடலாம்.

அடித்தட்டுக்குக் கீழ்ச் சட்டங்களின் உள்முகத்தில் முக்கால் அங்குல ரீப்பர்களைத் திருகி, அதன்மேல் பிளைவுட்டை வையுங்கள். கனமான பித்தளைப் பாத்திரம் போகும் பெட்டியென்றால் நடுவில் குறுக்காக இன்னொரு ரீப்பர்.

மூடி

பெட்டியின் வெற்றி தோல்வி இங்கேதான். நான்கைந்து பலகையை விளிம்போடு விளிம்பு ஒட்டி ஒரே அகலமாக்குகிறீர்கள். அந்த அகலம் ஜனவரியில் ஓர் அளவு, ஆகஸ்டில் ஓர் அளவு. ஒட்டியபின் அறுத்துச் சதுரமாக்கினால் 43½க்கு 18¾ அங்குலம் வர வேண்டும். முன்னும் பக்கங்களிலும் முக்கால் அங்குலம் நீட்டிக்கொண்டும், பின்னால் காலோடு சமமாகவும் நிற்கும்.

மூடி வளையாமலிருக்க அடியில் இரண்டு பட்டி போடுகிறோம். பட்டியின் நீளம் அசையாது, மூடியின் அகலம் அசையும். எனவே ஒவ்வொரு பட்டியிலும் மூன்று திருகாணி: நடுத் துளை திருகாணிக்குச் சரியான அளவில், ஓரத்து இரண்டு துளைகளையும் பட்டியின் நீளவாக்கில் இழுத்து நீளத் துளையாக்குங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை போட்டு நடுவில் இருக்கும் மரத்தை உளியால் எடுத்தால் போதும். வாஷர் வைத்துத் திருகி, இறுகப் பிடித்தபின் கால் சுற்று தளர்த்துங்கள். பசை நடுவில் மட்டும், ஓரங்களில் துளிகூட வேண்டாம். மழையில் மூடி விரியும்போது ஓரத்துத் திருகாணி அந்த நீளத் துளைக்குள் நகர்ந்து போவதை டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். கீல் பின்னால் பிடித்திருப்பதால் விரிவு முன்னோக்கி வரும்; முக்கால் அங்குல நீட்சி அதை விழுங்கிவிடும்.

கீல் பித்தளையில், இரண்டரை அங்குலம், மூன்று. கடல் காற்றில் இரும்புக் கீல் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது. பித்தளைத் திருகாணியைத் தேக்கில் நேரடியாக ஏற்றினால் தலை கையோடு வந்துவிடும். உள்ளே தங்கியதை எடுப்பது தனி வேதனை. அளவான துளை போட்டு, அதே அளவு எஃகுத் திருகாணியை முதலில் ஏற்றி இறக்கி மரையைப் பழக்குங்கள். பிறகு பித்தளைத் திருகாணியில் மெழுகுவத்தியைத் தேய்த்து ஏற்றினால் மறுபேச்சில்லாமல் போகும்.

குழந்தை இருக்கிற வீட்டில்

இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். அமெரிக்காவில் 1912 முதல் 1987 வரை ஒரு கம்பெனி செய்து விற்ற மரப்பெட்டிகளில், மூடியதும் தானே பூட்டிக்கொள்ளும் கொக்கி இருந்தது. ஒளிந்து விளையாட உள்ளே இறங்கிய குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்தார்கள். 1996-இல் சுமார் 1 கோடியே 20 லட்சம் பெட்டிகளின் பூட்டை மாற்றித்தரும் அறிவிப்பு வந்தது. ஆகவே தானாகப் பூட்டும் கொக்கி எதுவும் வேண்டாம். பூட்டத்தான் வேண்டுமென்றால் வெளியே நாதாங்கியும் தொங்குபூட்டும். பெட்டிக்குள் பார்த்துவிட்டுப் பூட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மூடி சரேலென்று விழாதபடி எந்த உயரத்திலும் நிறுத்தும் மூடித்தாங்கி ஒன்று போடுங்கள். 7 நூல் கனத் தேக்கு மூடி கணிசமான எடை. பெரியவர் விரலுக்கும் ஆகாது. வெறும் சங்கிலி மூடி பின்னால் சாய்வதைத்தான் தடுக்கும், முன்னால் விழுவதைத் தடுக்காது.

காற்றுக்கு அடித்தட்டில் 1 அங்குலத் துளை நான்கு, இரு பக்கப் பலகைகளிலும் மேல் சட்டத்தை ஒட்டி இரண்டிரண்டு. உள்பக்கம் எவர்சில்வர் வலை அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மும்பைக் கரப்பான்கள் வாடகை தராமல் குடியேறிவிடும். ஈரக்காற்று உள்ளே போகுமே என்று கேட்பீர்கள். அடைத்த பெட்டிக்குள்ளும் போகத்தான் போகும். வெளியேற மட்டும் வழி இருக்காது. பூசணத்துக்கு வேண்டியது அசையாத காற்று.

பாலிஷ்

உப்புத்தாள் 80, 120, 180, 220 என்று ஏறுங்கள். ரேகை போகும் திசையில் மட்டும் தேய்க்க வேண்டும். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் முந்தைய கீறல் பாலிஷுக்குப் பிறகு வெளிச்சத்தில் பல்லிளிக்கும். விளிம்புகளை லேசாக மழுக்கிவிடுங்கள். பட்டுச் சேலை சிராயில் மாட்டக் கூடாது.

உள்ளே அடிக்க நான் சொல்வது அரக்குப் பாலிஷ் மட்டும். ஜார்க்கண்ட் பக்கம் விளையும் அரக்கிலிருந்து எடுத்த செதில், ஸ்பிரிட்டில் கரைத்தது. உலர்ந்தபின் வாடையே இராது. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் செதில் போட்டு ஒரு நாள் ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். பஞ்சைத் துணியில் பொட்டலம் கட்டி, நனைத்துப் பிழிந்து, நீளவாக்கில் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு விலகிவிட வேண்டும். போன இடத்துக்கு உடனே திரும்பிப் போனால் அடிப்பூச்சு கரைந்து இழுபடும். ஒரு மணி நேரம் விட்டு அடுத்த பூச்சு. மெல்லியதாக நான்கைந்து போதும். ஸ்பிரிட் ஆவி தீப்பிடிக்கும். மாலை விளக்கேற்றும் நேரத்துக்கு முன்பே வேலையை முடித்து, ஜன்னலைத் திறந்துவையுங்கள். அடுப்பெரியும் வீட்டில் அந்தப் பக்கம் டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

மழைநாளில் அரக்கு அடித்தால் வெள்ளைப் புகை படர்ந்ததுபோல் மங்கிவிடும். காற்றின் ஈரம் பூச்சில் சிக்கிக்கொள்வதுதான் காரணம். மே மாதத்துக்குள் முடிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிப்புற மூடியில் காபி டம்ளர் வைக்கிற வீடு என்றால் அரக்கு தாங்காது, வட்டமாக வெள்ளைத் தடம் விழும். அங்கே மட்டும் தண்ணீர் கலந்த வகைப் பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் மூன்று கோட் அடியுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: மூடிக்கு மேலே பூசினால் அடியிலும் பூச வேண்டும். ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் திறந்திருந்தால் ஈரம் ஒரே பக்கமாக ஏறி மூடி குழிந்து வளையும். நீளத் துளை போட்ட உழைப்பெல்லாம் வீண்.

ஆளி விதை எண்ணெய் சிலருக்குப் பிடிக்கும்; வெளியே பூசலாம், உள்ளே வேண்டாம். மூடிய பெட்டிக்குள் அந்த வாடை மாதக்கணக்கில் போகாது, சேலையில் ஏறும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடுவது ஆபத்து, தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போட்டு, அல்லது தண்ணீரில் முக்கி, பிறகு எறியுங்கள்.

சாமான் வைத்தல்

பாலிஷ் முடிந்ததும் இரண்டு வாரம் மூடியைத் திறந்தே போடுங்கள். பெட்டியை வெளிச்சுவரில் ஒட்டி வைக்காமல் இரண்டு விரல் தள்ளி வைக்க வேண்டும்; மும்பையில் மழையடிக்கும் பக்கத்துச் சுவர் ஜூலையில் வியர்க்கும். பட்டுத் துணியையும் ஜரிகையையும் மரத்தில் நேரடியாகப் படவிடாமல், கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியில் பொதிந்து வையுங்கள். பொம்மைகளுக்குப் பழைய வேட்டித் துணியே சுகம். செய்தித்தாள் மை வண்ணத்தில் ஒட்டும். பூச்சிக்கு வசம்பை உடைத்துச் சிறு முடிச்சாகக் கட்டிப் போடுங்கள். நாப்தலின் உருண்டையும் கற்பூரமும் சேர்த்துப் போடாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று இளக்கி நீராகித் துணியில் கறை பிடிக்கும்.

முதல் ஜூலையில் மூடி கொஞ்சம் இறுகலாம், பலகைகளின் இடைவெளி காணாமல் போகலாம். உடனே இழைப்புளியை எடுக்க வேண்டாம். அப்போது சீவினால் டிசம்பரில் அந்த இடம் பல்லுப்போனதுபோல் நிற்கும். எங்கே உரசுகிறது என்று பென்சிலால் அடையாளம் வைத்துவிட்டு, நவம்பர் முடிந்தபின் திரும்பப் பாருங்கள். அப்போதும் உரசினால் அந்த இடத்தை மட்டும் 120 தாளால் தேய்த்து, மேலே ஒரு கை அரக்கு இழுத்துவிடுங்கள்.